“பேசறது கேக்குது... என்ன பேசறீங்கன்னுதான் கேக்கல!” - மலை ரயில், மூன்று ராக் ஆல்பங்கள், அப்பாவின் காது

‘ஊட்டி ட்ரிப்புக்கு ஏற்ற 5 பாடல்கள்’ என்று ஒரு கட்டுரை கேட்டார் எங்கள் டிஜிட்டல் டெஸ்க் எடிட்டர். செப்டம்பர் கடைசி. மலையில் இரண்டாவது சீசன் நடக்கும் நேரம். “நீ அந்த ஊர்க்காரிதானேம்மா... ரெண்டு நாள் லீவு எடுத்துக்க. அப்படியே கட்டுரையும் எழுதிடு” என்றார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அவருக்கு.

“சார், அஞ்சு பாட்டுன்னா எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுதான் வரும். நான் மூணு ஆல்பத்தை முழுசா கேட்டுக்கிட்டே போறேன். அதை எழுதுறேன்.”

“என்ன ஆல்பம்?”

“ராக். கொஞ்சம் ஏடாகூடமான ராக்.”

“அதை யாரும்மா படிப்பாங்க?”

“எங்கப்பா படிப்பார் சார்” என்றேன் சிரித்துக்கொண்டே. பொய்யில்லை. நான் எழுதும் எல்லாவற்றையும் போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படித்துவிடுவார் அப்பா. படிப்பதில் அவருக்குப் பிரச்னையே இல்லை. கேட்பதில்தான்.

ஏடாகூடமான ராக் என்றால்?

இதழியல் டிப்ளமோ படித்தபோது ஹாஸ்டலில் என் அறைத்தோழி மூலம் தொற்றிய பழக்கம் இது. சினிமாப் பாட்டுக்கு ஒரு பல்லவி, இரண்டு சரணம் என்று ஓர் அச்சு இருப்பதுபோல, ரேடியோவில் ஓடும் ராக் பாட்டுக்கும் ஓர் அச்சு உண்டு. அந்த அச்சுக்குள் அடங்காமல், பெரிய கம்பெனிகளுக்கு வெளியே வளர்ந்ததை ‘ஆல்டர்நேட்டிவ் ராக்’ என்றார்கள். அதிலும் சிலர், பாட்டு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதையே கழற்றிப் போட்டுவிட்டு, மிச்சத்தில் என்ன செய்யலாம் என்று பார்த்தார்கள். அது ‘எக்ஸ்பெரிமென்டல்’.

இதெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். 1986-ல் ‘ஹவ் டு நேம் இட்’ என்று பெயர் வைத்து இளையராஜா ஓர் ஆல்பம் போட்டார். பாக்கையும் தியாகராஜரையும் ஒரே அறையில் உட்கார வைத்த அந்த இசைக்கு என்ன பெயர் வைப்பது என்பதே தலைப்பு. பக்கத்துக் கேரளாவில் ‘அவியல்’ என்ற குழு 2008-ல் முழுக்க மலையாளத்திலேயே ஓர் ஆல்டர்நேட்டிவ் ராக் ஆல்பம் போட்டது.

எனக்கு நானே விதித்துக்கொண்ட விதிகள் மூன்று. ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசையாகக் கேட்க வேண்டும். பிடிக்கவில்லை என்று தாண்டக் கூடாது. நடுவில் வாட்ஸ்அப் பார்க்கக் கூடாது. மூன்றாவதுதான் கஷ்டம்.

கல்லாறு முதல் குன்னூர் வரை: ‘கிட் ஏ’

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்கு மலை ரயில். ஊட்டி வரை 46 கிலோமீட்டர்தான், ஆனால் ஐந்து மணி நேரம் ஆகும். 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்த்தது.

கல்லாறு வரைக்கும் சமவெளி. அதற்குப் பிறகு தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஆரம்பிக்கும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பல்லைக் கவ்விக் கவ்வித்தான் மேலே ஏறும். எஞ்சின் முன்னால் இருந்து இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும். அதனால் முதல் பெட்டியில் உட்கார்ந்தால் யாரோ நம் முதுகைப் பிடித்து மலை ஏற்றுவதுபோல இருக்கும்.

கல்லாறில் ஹெட்போனை மாட்டினேன். ரேடியோஹெட் குழுவின் ‘கிட் ஏ’, 2000-ம் ஆண்டு அக்டோபரில் வந்தது. அதற்கு முன் 1997-ல் ‘ஓகே கம்ப்யூட்டர்’ என்ற கிடார் ஆல்பத்தால் உலகப் புகழ் அடைந்திருந்தார்கள். அதே மாதிரி இன்னொன்றுக்காக ரசிகர்கள் காத்திருந்தபோது, கிடாரைப் பெரும்பாலும் ஓரமாக வைத்துவிட்டு, எலெக்ட்ரானிக் சத்தங்களோடும் துண்டுதுண்டாக வெட்டிய குரலோடும் வந்து நின்றார்கள். சிங்கிள் என்று ஒரு பாட்டைக்கூட தனியாக வெளியிடவில்லை. பாதிப் பேர் கொண்டாடினார்கள். பாதிப் பேர் ஏமாந்துபோனார்கள்.

ஹாஸ்டலில் முதன்முறை கேட்டபோது நான் இரண்டாவது பாதியில் இருந்தேன். முதல் பாட்டிலேயே குரல் சிக்கிச் சிக்கி வரும். “போன் ஹேங் ஆயிடுச்சுடி” என்று தோழியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

ரயிலில் கேட்டபோது கதையே வேறு. ஹெட்போனுக்கு வெளியே பல்சக்கரம் ‘கடக்... கடக்’ என்று கவ்வுகிறது. உள்ளே மெஷின் போலவே ஒரு தாளம். நடுவில் ஒரு மனிதக் குரல் மெஷினுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வரப் பார்க்கிறது. எது ரயில், எது பாட்டு என்று பிரிக்க முடியவில்லை. மூன்றாவது பாட்டில் ஒரே பேஸ் கிடார் வரி விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஊதுகருவிகள் எல்லாம் சேர்ந்து, சிக்னலில் மாட்டிக்கொண்ட வண்டிகள் மாதிரி அலறும். சரியாக அந்த நேரத்தில் ஒரு சுரங்கம் வந்தது.

இந்த ரயிலில் போனவர்களுக்குத் தெரியும். சுரங்கம் வந்தால் எல்லோரும் கத்த வேண்டும். எழுதப்படாத சட்டம். எதிர் சீட்டில் இருந்த கோயம்புத்தூர் குடும்பத்தில் பாட்டி முதல் பேத்தி வரை “ஓ...” என்று கத்தினார்கள். விதியை மீறி ஹெட்போனைக் கழற்றிவிட்டு நானும் கத்தினேன். வெளிச்சம் வந்ததும் பாட்டி வெட்கத்தோடு சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் நின்றது ரயில். குரங்குகள் பிஸ்கட் பாக்கெட்டுக்காகக் காத்திருந்தன. எனக்கு அந்த ஆல்பம் பிடித்துவிட்டிருந்தது. வலுக்கட்டாயமாக உட்காரவைத்தால் சில விஷயங்கள் பிடித்துவிடும் போல. ஐம்பது நிமிட ஆல்பம், குன்னூர் போய்ச் சேருவதற்குள் மூன்று முறை ஓடியது.

பனிக்குள் புதைந்த குரல்: ‘லவ்லெஸ்’

குன்னூரில் இறங்கி, கோத்தகிரி பஸ் ஏறினேன். எங்கள் வீடு அந்த ரோட்டில்தான். இரண்டு பக்கமும் தேயிலைச் செடிகள், நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். பஸ் கிளம்பிய பத்தாவது நிமிடம் பனி இறங்கியது. முதலில் தூரத்து மலை போனது. அப்புறம் மரங்கள். அப்புறம் ரோட்டோரச் செடி மட்டும்தான் மிச்சம்.

இரண்டாவது ஆல்பத்துக்கு இதைவிடச் சரியான பின்னணி கிடைக்காது. மை ப்ளடி வேலன்டைன் குழுவின் ‘லவ்லெஸ்’, 1991-ல் வந்தது. கெவின் ஷீல்ட்ஸ் என்பவரின் பிடிவாதத்தால் இரண்டு வருடங்களுக்கு மேல், 19 ஸ்டூடியோக்களில் இழுத்துக்கொண்டே போன வேலை. கிடாரில் சுருதியை அசைக்கும் கம்பி ஒன்று இருக்கும். அதை விடாமல் பிடித்துக்கொண்டே மீட்டினார் அவர். அதனால் ஒவ்வொரு ஸ்வரமும் நிலையாக நிற்காமல், வெயிலில் தார் ரோடு நெளிவதுபோல நெளியும். இப்படிப்பட்ட கிடார் சத்தம் சுவர்போல எழும்பி நிற்கும். அதற்கு அடியில், பாதித் தூக்கத்தில் பாடுவதுபோல ஓர் ஆண் குரலும் பெண் குரலும். பாடுகிறார்கள் என்பது தெரியும். என்ன பாடுகிறார்கள் என்பது தெரியாது.

முதல் இரண்டு பாட்டுக்கு வார்த்தையைப் பிடிக்க முயற்சி செய்தேன். சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். ‘இதற்கு மேல் கூட்டினால் உங்கள் காதுக்கு ஆபத்து’ என்று போன் எச்சரித்தது. ‘சரி’ என்று தட்டிவிட்டு மேலே ஏற்றினேன். வழக்கமாகச் செய்வதுதான்.

இந்தக் குழுவின் கச்சேரிகள் அவ்வளவு சத்தமாக இருக்கும் என்பதால், 2008-ல் மீண்டும் மேடையேறியபோது வாசலிலேயே ரசிகர்களுக்குக் காதடைப்பான்களைக் கொடுத்தார்கள். ஷீல்ட்ஸுக்கே காதில் ஓயாத இரைச்சல் கேட்கும் ‘டினிடஸ்’ பிரச்னை உண்டு. இதையெல்லாம் ‘சுவாரஸ்யத் தகவல்’ என்றுதான் பஸ்ஸில் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன்.

டிராயருக்குள் காது மெஷின்

வீட்டு வளைவில் இறங்கும்போதே எங்கள் வீட்டு டி.வி-யில் ஓடும் செய்தி தெளிவாகக் கேட்டது. கதவைத் திறந்து நான் போட்ட ‘அப்பா’வை அப்பா கவனிக்கவில்லை. முன்னால் போய் நின்றதும்தான் முகம் மலர்ந்தது.

“உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு நான் ஊருக்கே சொல்ல வேண்டியிருக்கு” என்றார் அம்மா. “தட்டு எடுங்கன்னா விறகுக் கட்டைத் தூக்கிட்டு வர்றாரு.”

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு முகாமில் வாங்கிய காது மெஷின் டிராயருக்குள் கிடந்தது. “ஏன்பா போடறதில்ல?” என்று சைகையோடு கேட்டேன்.

“போட்டா பேக்டரி திரும்ப வந்துடுது பாப்பா.”

அப்பா ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 33 வருடங்கள் வேலை பார்த்தவர். தாத்தா குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. 1964-ம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பல் ஏற்றப்பட்டவர்கள். தலைமன்னாரில் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக மலைக்கு வந்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-ல் தமிழக அரசு ஆரம்பித்த தேயிலைத் திட்டம்தான் பிற்பாடு ‘டான்டீ’ ஆனது. தாத்தாவுக்கு அங்கே வேலை கிடைத்தது. வளர்ந்த பிறகு அப்பா ஒரு தனியார் பேக்டரிக்குப் போனார்.

நீங்கள் காலையில் குடித்த டீ பெரும்பாலும் சி.டி.சி. முறையில் தயாரானதாக இருக்கும். நசுக்கு, கிழி, சுருட்டு என்ற மூன்று வேலைகளின் ஆங்கிலச் சுருக்கம் அது. அசாமில் 1930-களில் வந்த முறை. வாட்டிய இலை, பல் வெட்டிய இரண்டு எஃகு ரோலர்களுக்கு நடுவே போகும். ஒன்று மெதுவாகச் சுற்றும், இன்னொன்று அதைவிடப் பத்து மடங்கு வேகமாக எதிர்ப்பக்கம் சுற்றும். நடுவில் மாட்டிய இலை துகளாகி வெளியே வரும். இப்படி மூன்று நான்கு ஜோடி ரோலர்கள் வரிசையாக ஓடும். அதோடு வாட்டும் தொட்டிகளின் விசிறிகள், டிரையர், தூளைச் சலிக்கும் மெஷின். எல்லாம் ஒரே கூரைக்கு அடியில். தோட்டங்களிலிருந்து பசுந்தேயிலை சாயங்காலம்தான் வந்து சேரும் என்பதால் ராத்திரி முழுக்க ஓட்டம். ரோலரின் பல் மழுங்கினால் தீட்ட வேண்டும். இரும்பை இரும்பு சீவும் அந்தச் சத்தத்துக்கு வேறு சத்தத்தை உதாரணம் சொல்ல முடியாது என்பார் அப்பா. காதுக்கு? “பஞ்சு வச்சுக்குவோம்.”

பஞ்சு வைத்தால் காது அடைத்த மாதிரி இருக்குமே தவிர, சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. அது அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவும் இல்லை.

“எனக்குக் காசு கொடுத்தாங்க”

சாயங்காலம், என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்து, “அதுல என்ன ஓடுது, எப்பப் பார்த்தாலும்?” என்றார். ‘லவ்லெஸ்’ முதல் பாட்டைப் போட்டு அவர் தலையில் மாட்டினேன்.

ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. விரலை உயர்த்தி, “இது டிரையர்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப நாலாவது ரோலர். பேரிங் போகப் போகுது” என்றார். பாட்டு முடிந்ததும் கழற்றி, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதைக் காசு குடுத்தா கேக்குறாங்க?”

“ஆமாப்பா.”

“எனக்குக் காசு குடுத்தாங்க, இதைக் கேக்குறதுக்கு.”

கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. சத்தத்தைக் கலையாக்குவது பற்றி நான் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். அந்தச் சத்தத்தை நிறுத்தும் பட்டன் என் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிறது என்பதை யோசித்ததே இல்லை. அப்பாவுக்கு அந்த பட்டன் கிடையாது. கரன்ட் போனால்தான் உண்டு. “கரன்ட் போனா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. எனக்கு மட்டும் திக்குனு இருக்கும். அப்பதான் காதுக்குள்ள ‘ஙொய்...’னு ஒண்ணு ஓடறது தெரியும்” என்றார். டினிடஸ். இந்த முறை குறித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

பேச்சு பழைய பாட்டுக்கு நகர்ந்தது. அப்பாவின் பால்யம் முழுக்க இலங்கை வானொலி. அதில் வந்த பொப் பாடல்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் முகமே மாறிவிடும். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.இ.மனோகரனின் ‘சுராங்கனி’. சினிமாப் பாட்டும் இல்லை, கச்சேரியும் இல்லை. கையில் கிடார், பைலாத் தாளம், பேச்சுத் தமிழ். “கூத்தடிக்கிற பாட்டுனு தாத்தா ரேடியோவை அணைச்சுடுவார். நான் அவர் வேலைக்குப் போனப்புறம் போடுவேன்.”

ஏடாகூடமான பாட்டைப் பெரியவர்களுக்குத் தெரியாமல் கேட்ட முதல் ஆள், எங்கள் வீட்டில் நானில்லை!

“இப்ப கேக்குறீங்களாப்பா? யூடியூப்ல இருக்கும்.”

“வேணாம். மனசுல ஓடறது நல்லா இருக்கு. மெஷின்ல போட்டா கொழகொழன்னு கேக்கும்.”

பெயரில்லாத ஆல்பம்

ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்றாவது ஆல்பத்தைப் போட்டேன். ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழு 2002-ல் வெளியிட்டது. அட்டையில் இரண்டு அடைப்புக்குறிகள், நடுவில் ஒன்றுமில்லை. அதுதான் தலைப்பு. எட்டுப் பாடல்கள், எதற்கும் பெயர் கிடையாது. உள்ளே வைத்த புத்தகத்தில் வெற்றுப் பக்கங்கள். பழைய நீச்சல்குளம் ஒன்றை ஸ்டூடியோவாக்கி அதில் பதிவு செய்தார்கள். பாடகர் யோன்சி, செல்லோ வாசிக்கும் வில்லால் கிடாரைத் தேய்த்து வாசிப்பார். முக்கியமாக, பாட்டு எந்த மொழியிலும் இல்லை. ‘ஹோப்லாண்டிக்’ என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்ட, அர்த்தமில்லாத ஒலிகள். கேட்கிறவர்கள் தங்கள் அர்த்தத்தை வெற்றுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

முன்பெல்லாம் இதைக் கேட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். அன்று வரவில்லை. குரல் வருகிறது, உருக்கமாக வருகிறது. ஏதோ சொல்ல வருகிறது. ஆனால் என்ன என்று பிடிபடவில்லை. உயிரெழுத்துகள் மட்டும் மிதக்கின்றன, மெய்யெழுத்துகளை யாரோ அழித்துவிட்ட மாதிரி...

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ‘தட்டு’க்குப் பதில் ‘கட்டு’!

மறுநாள் காலை முதல் வேலையாக அப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து கேட்டேன். “நாங்க பேசும்போது உங்களுக்கு எப்படிப்பா இருக்கும்?”

யோசித்தார். இத்தனை வருடங்களில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. “பேசறது கேக்குது பாப்பா. என்ன பேசறீங்கன்னுதான் கேக்கல. நீங்க கத்தினா சத்தம் கூடுது, அவ்ளோதான். திட்டுறீங்களோன்னு இருக்கும்.”

இதற்குப் பின்னால் இருக்கும் விஷயம் எளிமையானது. காதின் உட்புறம் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் நுண்ணிய முடி செல்கள். வருடக்கணக்கில் பெருஞ்சத்தம் கேட்டால் முதலில் அடிபடுவது, கீச்சென்ற உயர் அதிர்வெண்களைப் பிடிக்கும் செல்கள்தான். பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஆரம்பிக்கும். ஒருமுறை செத்துப்போனால் அந்த செல்கள் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. பேச்சில் ‘அ’, ‘ஓ’ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் தப்பித்துவிடும். ‘ச’, ‘த’, ‘க’, ‘ப’ போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் உயரத்தில் இருப்பதால் போய்விடும். வார்த்தையின் சத்தத்தைச் சுமப்பது உயிர். அர்த்தத்தைப் பிரித்துக் கொடுப்பது மெய். அதனால்தான் கத்திப் பேசினாலும் பயனில்லை.

வீட்டுக்குப் பின்னால் விடியற்காலையில் சீட்டியடித்தே எங்களை எழுப்பும் பூங்குருவி ஒன்று உண்டு. அதை அப்பா கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டேன். “அது இன்னும் வருதா?” என்றார்.

இரண்டு கோடுகள்

அன்றே குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயில் ஏறினோம், அப்பாவும் நானும். குன்னூருக்கு மேலே டீசல் எஞ்சின்தான், பல்சக்கரம் கிடையாது. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி. ‘மூன்றாம் பிறை’ கிளைமாக்ஸில் கமல் ஓடிய ஸ்டேஷன் என்று கேத்தியில் எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். அப்பாவை நிற்கவைத்து நானும் எடுத்தேன். லவ்டேல் தாண்டி ஊட்டி.

தெரிந்தவர் சொன்ன ஒரு காது மருத்துவரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் அப்பாவை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். “சின்ன சத்தம் கேட்டாலும் பட்டனை அமுக்குங்க.” கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் டக் டக்கென்று அமுக்கினார். அப்புறம் விரல் காத்துக்கொண்டே இருந்தது. பரீட்சையில் விடை தெரியாத பையன்போல என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சிரித்து வைத்தேன்.

“கூட வந்தவங்களும் பார்த்துக்கலாமே, ஹெட்போன் பாப்பா” என்றார் டாக்டர், என் கழுத்தைப் பார்த்து.

இரண்டு தாள்கள் வந்தன. அப்பாவின் கோடு 1,000 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு சமமாகப் போய், அதற்கப்புறம் மலைச்சரிவு மாதிரி இறங்கியிருந்தது. என் கோடு நேராகவே போனது. 4,000 பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு பள்ளம்.

“பெரிசா ஒண்ணும் இல்ல. ஆனா, உங்க வயசுக்கு இது இருக்கக் கூடாது. எவ்ளோ நேரம் கேக்குறீங்க?”

பதில் சொல்லவில்லை. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாக இருந்தால் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபலில் கேட்டால், ஒரு வாரத்துக்கே நான்கு மணி நேரம்தான் கணக்கு. உலகத்தில் 100 கோடிக்கும் அதிகமான இளைஞர்கள் இப்படிக் கேட்டே காதைக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்றும் அது எச்சரிக்கிறது. செய்தியாக நானே டைப் செய்த வரி இது.

அப்பாவின் மெஷினைக் குறை சொல்லவும் வழியில்லை. முகாமில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கியிருக்கிறது. அதனால்தான் ‘பேக்டரி திரும்ப’ வந்திருக்கிறது. அவரவர் காதின் கோட்டுக்கு ஏற்ப மெஷினைச் சீர் செய்ய வேண்டும். அதன் பிறகும் மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். முதலில் வீட்டுக்குள் அமைதியான நேரத்தில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். நாமும் கத்தாமல், முகம் பார்த்து, நிதானமாகப் பேச வேண்டும். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அது இரண்டு வருடங்கள் டிராயரில் தூங்கியிருக்காது.

இன்னொன்றையும் அன்றுதான் தேடிப் படித்தேன். சத்தத்தால் வரும் காது கேளாமையை, தொழிலால் வரும் நோய்களின் பட்டியலில் 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சேர்த்திருந்தது. இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் அது இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். “ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷம் ஆச்சு. இனி என்னத்த...” என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் தூக்கிப் போடவில்லை. அந்த பேக்டரியில் இப்போது வேலை பார்க்கும் சித்தப்பா மகனுக்குக் காட்ட வேண்டுமாம்.

சாயங்காலம் ஊட்டி ஸ்டேஷனில் திரும்பும் ரயிலுக்காகக் காத்திருந்தோம். குளிர் ஏறிக்கொண்டிருந்தது. சூடாக வர்க்கி வாங்கி வந்தேன். புதிதாகச் சீர் செய்த மெஷினை டாக்டர் சொன்னபடி ஒரு மணி நேரம் போட்டிருந்துவிட்டுக் கழற்றினார் அப்பா.

“ராத்திரி தூங்காம ஒண்ணு கேட்டியே, அது என்ன?”

சொன்னேன். எந்த மொழியும் இல்லாத பாட்டு, பாடுகிறவனுக்கே அர்த்தம் கிடையாது, பேரும் கிடையாது என்று, அவர் முகத்தைப் பார்த்து, நிதானமாக.

“அப்ப அதுல உனக்கும் வார்த்தை புரியாதா?”

“யாருக்குமே புரியாதுப்பா.”

“அப்ப சரி. குடு.”

ஹெட்போனை மாட்டிவிட்டேன். பழக்கதோஷத்தில் என் கை சத்தத்தைக் கூட்டப் போனது. பாதிக்கு மேலே போகவிடாமல் நிறுத்திக்கொண்டேன். அப்பா தலையாட்டினார், கேட்கிறது என்று. வர்க்கித் தூள் சட்டையில் விழுவதைக்கூடக் கவனிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆல்பத்தின் நடுவில் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓர் அமைதி வரும், வேண்டுமென்றே விட்டது. அது வந்தபோது, முடிந்துவிட்டது என்று நினைத்துக் கழற்றப் போனார். அவர் கையைப் பிடித்து, ‘இருங்க, இன்னும் இருக்கு’ என்று சைகை காட்டினேன்.

எடிட்டர் சார், ஐந்து பாட்டு கேட்டீர்கள். இவ்வளவுதான் எழுத முடிந்தது. நான் சொன்ன மாதிரி, அப்பா இதைப் படிப்பார்.